தரையில் உட்கார்ந்து பாடுபவர்களும் வாசிப்பவர்களும் உடம்பிடம் செய்யும் தவறுகள்

‘நிமிர்ந்து உட்கார்.’ பாட்டு வகுப்பிலும் வீணை வகுப்பிலும் குழந்தை முதல் நாளே கேட்கும் கட்டளை இது. சொன்ன மறுகணம் என்ன நடக்கிறது என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். மார்பு துருத்தும், இடுப்புக்கு மேலே முதுகு வில்லாக உள்வளையும், மோவாய் தூக்கும், தோள்கள் பின்னால் இறுகும். முதல் பாடமான சரளி வரிசை முடிவதற்குள் களைத்துப்போய் பழைய கூனுக்கே திரும்பிவிடும். பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. கட்டளைதான் தவறான இடத்துக்குப் போயிருக்கிறது. முதுகு எப்படி நிற்கும் என்பதை முடிவு செய்வது அதற்குக் கீழே இருக்கும் இடுப்பெலும்பு.

சப்பணமிடும்போது முழங்கால்கள் இடுப்பு மூட்டைவிட உயரத்தில் நின்றால், இடுப்பெலும்பு பின்னோக்கிச் சாயும். அதன்மேல் நிற்கிற முதுகெலும்பு கூனித்தான் தீர வேண்டும். அந்த நிலையில் நிமிர்வதென்றால் முதுகுத் தசையை இழுத்துப் பிடித்தால்தான் முடியும். இரண்டரை மணி நேரக் கச்சேரி முழுக்க அப்படி யாராலும் பிடிக்க முடியாது. நாற்காலியிலேயே வளர்ந்தவர்களுக்குத் தொடைத் தசைகள் இறுகியிருப்பதால் முழங்கால் கீழே இறங்காது. அதை அமுக்கி இறக்க முயல்வது இன்னொரு தவறு.

செய்ய வேண்டியது எளிது. கையைப் பிட்டத்துக்கு அடியில் நுழைத்து முன்னும் பின்னும் லேசாக அசைந்தால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்பு முண்டுகள் தட்டுப்படும். உடம்பின் எடை இறங்க வேண்டிய இடம் அவைதான். ஜமுக்காளத்தை மடித்து 2 முதல் 4 அங்குல உயரத்துக்கு அந்த முண்டுகளுக்கு அடியில் மட்டும் வையுங்கள். தொடைகள் அதன்மேல் ஏறக் கூடாது. பஞ்சுத் தலையணை வேண்டாம், அது அமுங்கிப் பத்தே நிமிடத்தில் பழைய உயரத்துக்கு வந்துவிடும். முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்தால் போதும், முதுகு தானாக எழும். மேடையில் ஜமுக்காளம் கிடைக்காவிட்டால், போன கச்சேரியில் போர்த்திய பொன்னாடையை எட்டாக மடித்துக்கொள்ளலாம். அதற்கு இதைவிட நல்ல பயன் பெரும்பாலும் இருப்பதில்லை.

வயலின்காரர்கள் மட்டும் ஒரே நாளில் உயரத்தை ஏற்றக் கூடாது. கருவியின் தலைப்பக்கச் சுருள் வலது கணுக்காலில் அமர்வதால், இருக்கை உயர்ந்தால் வயலினின் சரிவும் மாறும், விரல் விழும் கோணமும் மாறும். அரை அங்குலமாக ஏற்றி, பாதத்தை அதற்கேற்பச் சற்று முன்னே தள்ளி, ஒரு வாரம் பழகிய பிறகு அடுத்த அரை அங்குலத்துக்குப் போங்கள்.

மூட்டு எங்கே இருக்கிறது?

பழக்கத்தில் வரும் கோளாறுகளில் பல, உடம்பைப் பற்றி நாம் மனதில் வைத்திருக்கும் தவறான படத்திலிருந்து வருகின்றன. தலை கழுத்தோடு சேரும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னால், பலரும் பின்கழுத்தின் அடியில் துருத்தும் முண்டைத் தொடுவார்கள். உண்மையில் அந்த மூட்டு இரண்டு காதுகளுக்கும் நடுவே, மண்டையோட்டின் அடியில் இருக்கிறது. ‘ஆமாம்’ என்று மிகச் சிறிதாகத் தலையசைத்தால் அது தெரியும். தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ. கீழ்முண்டிலிருந்து தலையைக் குனிந்து நோட்டைப் பார்ப்பவர் அந்த எடையைக் கழுத்துத் தசைகளில் தொங்கவிடுகிறார். ஸ்வரத் தாளையோ கைபேசியையோ தரையில் வைத்துப் பயிற்சி செய்வதால் வரும் கழுத்து வலிக்கு இதுதான் காரணம். ஒரு சாய்வுப் பலகையில் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கை தோளில் தொடங்குகிறது என்பது இன்னொரு தவறான படம். எலும்புக்கூட்டின்படி கை, மார்பெலும்பின் உச்சியில் காறையெலும்பு சேரும் இடத்தில் தொடங்குகிறது. அங்கே விரலை வைத்துக்கொண்டு மற்றக் கையைத் தூக்கிப் பாருங்கள், அசைவது தெரியும். அது தெரியாதவர் தோள்பட்டையை ஓரிடத்தில் பூட்டிவிட்டு, முழங்கைக்குக் கீழே மட்டும் வேலை வாங்குவார். விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்கு ஓடுகின்றன. மணிக்கட்டு மடங்கியிருக்கும்போது அந்த நாண்கள் மூலையில் உராய்ந்தபடி இழுபடும். வீணையிலும் வயலினிலும் வரும் மணிக்கட்டு வலியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும்.

இப்படித் தன்னையே கவனித்துத் தவறைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர், டாஸ்மேனியாவில் 1869-ல் பிறந்த எஃப். எம். அலெக்சாண்டர். மேடையில் கவிதையும் நாடகப் பகுதிகளும் ஒப்பிப்பது அவர் தொழில். ஓய்வெடுத்தால் குரல் சரியாகும், மேடையேறினால் கம்மிவிடும். கண்ணாடிகளை வைத்துக்கொண்டு பேசிப் பார்த்தபோது, ஒப்பிக்கத் தொடங்கியதுமே தலையைப் பின்னால் இழுத்துத் தொண்டையை அமுக்கிக்கொள்வதைக் கண்டார். அவர் பெயரால் வழங்கும் பயிற்சி முறை மேற்கத்திய இசைக் கல்லூரிகளில் சொல்லித் தரப்படுகிறது. நமக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கண்ணாடி. அதை எதிரில் வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். கைபேசியைப் பக்கவாட்டில் நிறுத்தி, ஒரு வர்ணத்தைப் பாடும்போதோ வாசிக்கும்போதோ படமெடுத்தாலும் சரி.

வீணை: தேவைக்கு மேல் அழுத்துவது

தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, நீண்ட கழுத்தான தண்டியின் குறுக்கே பதித்த மெட்டுகளில் ஒன்றிலேயே இரண்டு மூன்று ஸ்வரங்களை வரவழைப்பதுதான் வீணையின் அழகு. உடம்புக்கு விலை வைப்பதும் அதுதான். இடது கை தண்டிக்கு அடியில் சென்று மேலே வளைவதால், மணிக்கட்டு கொஞ்சம் மடங்கத்தான் செய்யும். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு, விரலை மட்டும் கொண்டு இழுப்பதுதான் தவறு. முழங்கைக்கும் விலாவுக்கும் இடையே ஒரு கைமுட்டி நுழையும் இடம் விடுங்கள். இழுப்பு முன்கை முழுவதிலிருந்தும் வரட்டும், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து தந்தியைக் கொண்டு போகட்டும்.

அழுத்தத்துக்கு ஒரு சோதனை இருக்கிறது. சாரணி என்னும் முதல் தந்தியில் ஒரு மெட்டில் விரல் வைத்து மீட்டிக்கொண்டே, அழுத்தத்தை மெல்லக் குறைத்துக்கொண்டு வாருங்கள். ஓரிடத்தில் நாதம் கெட்டு இரையும். அதற்கு ஒரு நூலளவு மேலே போனால் மீண்டும் தெளியும். அந்த நூலளவுதான் உங்களுக்குத் தேவை. வழக்கமாக நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். சாதகம் தொடங்கும் முதல் ஐந்து நிமிடம், இந்தக் குறைந்த அழுத்தத்தில் மாயாமாளவகௌளை ராகத்தின் சரளி வரிசையை, மிக மெதுவான முதல் காலத்தில் வாசியுங்கள்.

எவ்வளவு அழுத்தினாலும் இரைச்சல் போகவில்லை என்றால் கையைத் திருத்திப் பயனில்லை. மெழுகு தளர்ந்து மெட்டுகள் ஏறி இறங்கியிருக்கும், அல்லது தந்தி அதிக உயரத்தில் இருக்கும். மெழுகில் மெட்டுகளை அமைத்துத் தரும் ‘மேளம் கட்டுபவரிடம்’ கொடுக்க வேண்டிய கருவியோடு ஆறு மாதம் மல்லுக்கட்டி, விரல் வலிக்கு மருந்து தேடுவதும் நடக்கிற தவறுதான்.

வயலின்: கட்டைவிரல் பிடி

கர்நாடக முறையில் வயலினை மோவாயால் பிடிக்க வேண்டியதில்லை. சுருள் கணுக்காலிலும் மறுமுனை மார்பிலும் தாங்கியிருப்பதால், இடது கை தாராளமாகச் சறுக்கலாம். இந்தச் சுதந்திரத்தைக் கட்டைவிரலால் கழுத்தைக் கவ்விக் கெடுத்துக்கொள்கிறோம். நீண்ட ஸட்ஜத்தை வாசித்துக்கொண்டே கட்டைவிரலால் கழுத்தை லேசாகத் தட்டிப் பாருங்கள். தட்ட முடியவில்லை, கருவி நழுவுகிறது என்றால் அதன் இருப்பில்தான் கோளாறு. பட்டுப் புடவையும் பட்டு ஜிப்பாவும் இதில் பெரிய எதிரிகள். மார்புக்கும் வயலினுக்கும் நடுவே ஒரு பருத்தித் துண்டோ, அலமாரித் தட்டுகளில் விரிக்கும் ரப்பர் வலையோ வைத்தால் வழுக்கல் நிற்கும். உடம்பை வளைத்து வயலினிடம் போவதும் கூடாது. உட்கார்ந்து முடித்த பிறகே கருவியை உடம்பிடம் கொண்டுவாருங்கள்.

மிருதங்கம்

‘வலித்தால்தான் கை பழகும்’ என்பது இந்த வாத்தியத்தைச் சுற்றி இருக்கும் நம்பிக்கை. விரல் நுனியின் தோல் காய்த்துப்போவதும் மூட்டு வலிப்பதும் ஒன்றல்ல. முதலாவது பழக்கம், இரண்டாவது எச்சரிக்கை. வேகம் ஏறும்போது தோள்கள் காதை நோக்கி ஏறுவதும் மூச்சு நின்றுபோவதும் சேர்ந்தே வரும். கண்டுபிடிக்கும் வழி: வாசித்துக்கொண்டே ‘தகதிமி’ போன்ற சொல்கட்டை வாயாலும் சொல்லுங்கள். குரல் நெரிபடும் இடத்தில்தான் மூச்சு பூட்டிக்கொள்கிறது. அந்தக் கோர்வையை அங்கிருந்து வேகத்தில் ஒரு காலம் குறைத்து எடுங்கள்.

மேடையில் தன் வாசிப்பு தனக்குக் கேட்காவிட்டால், கை தானாக ஓங்கும். தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் முடிந்து கை வீங்குவதற்கு, மானிட்டர் ஸ்பீக்கரைச் சரிபார்க்காத இரண்டு நிமிடமே காரணமாக இருக்கலாம். பலாமரக் கட்டையின் எடையை ஒரே தோளில் மாட்டி நடப்பதையும், உட்கார்ந்தபடி இடுப்பைத் திருகித் தூக்குவதையும் விட்டுவிடுங்கள்.

பாடுபவர்கள்

பாடும்போது உடம்பு படும் பாட்டை நம் இலக்கண நூல்கள் எப்போதோ குறித்துவைத்துவிட்டன. 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் பாடகர் குறைகளை 25 என்று எண்ணுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவது, கழுத்து நரம்பு புடைக்கப் பாடுவது, கழுத்தைக் கோணிக்கொண்டு பாடுவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கேட்பவருக்கு அழகில்லாத காட்சி, பாடுபவருக்குத் தொண்டைக் கட்டு.

மேல் ஸ்தாயியான தாரஸ்தாயிக்குப் போகும்போது மோவாய் தூக்குகிறதா என்று பார்க்க, பின்கழுத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மேல்ஸட்ஜம் பிடியுங்கள். கைக்கு அடியில் தோல் மடிந்தால் தலை பின்னால் போகிறது என்று பொருள். வாய் திறப்பது கீழ்த்தாடையின் வேலை. அதன் மூட்டு காதுத் துளைக்கு நேர் முன்னே இருக்கிறது. அங்கே விரல் வைத்து, தாடை கீழே இறங்குவதை உணர்ந்தபடி ‘ஆ’ என்று அகாரம் பாடினால் தலை அதன் இடத்தில் இருக்கும்.

‘வயிற்றில் மூச்சை நிரப்பு’ என்பதை எழுத்துப்படி எடுத்துக்கொள்வதும் சிக்கல். காற்று நுரையீரலைத் தாண்டி எங்கும் போகாது. உதரவிதானம் கீழிறங்கிக் குடலை அழுத்துவதால் வயிறு முன்னே வருகிறது, அவ்வளவுதான். வயிற்றைத் தள்ளிப் பிடிப்பவர்களுக்கு விலா அசையாது. விலாவின் இரு பக்கமும் கை வைத்து, அது பக்கவாட்டில் விரிகிறதா என்று பாருங்கள். தொடையில் ஓங்கித் தாளம் போடுபவர்களுக்கு ஒவ்வொரு தட்டிலும் விலாவும் சேர்ந்து குலுங்கும்.

கவனிப்பதிலும் தவறு உண்டு

இதையெல்லாம் படித்துவிட்டுத் தலை, தோள், விலா, மணிக்கட்டு அனைத்தையும் ஒரே சமயத்தில் கண்காணிக்கத் தொடங்கினால், உடம்பு இன்னும் இறுகும், சங்கீதமும் போய்விடும். ஒரு நேரத்துக்கு ஓரிடம் போதும். ஒரு பல்லவியை நான்கு முறை எடுக்கிறீர்கள் என்றால், முதல் முறை எடை இறங்கும் முண்டுகள், இரண்டாம் முறை காதுகளுக்கு நடுவே உள்ள மூட்டு, மூன்றாம் முறை மூச்சு, நான்காம் முறை வெறும் நாதம். மெதுவான காலத்தில்தான் இந்தப் பயிற்சி. மேடையில் வேண்டாம்.

மேடையில் வேறொன்று செய்யலாம், இடைவெளியைப் பயன்படுத்தலாம். பாடகர் ஆலாபனை செய்யும்போது, பின்தொடராத நேரத்தில் வயலின்காரர் வில்லை மடியில் இறக்கலாம். தனி ஆவர்த்தனத்தின்போது பாடகர் தோளைத் தளர்த்தலாம். மிருதங்கக்காரருக்கு நிலைமை தலைகீழ். ராகம் விரியும் கால் மணி நேரம் குளிரூட்டிய அரங்கில் சும்மா இருந்துவிட்டு, ஆறிய கையோடு துரித காலக் கிருதிக்குள் குதிக்க நேரும். அந்த நேரத்தில் கைகளை வேட்டிக்குள் சூடாக வைத்துக்கொண்டு, விரல்களைத் தொடையில் ஓசையில்லாமல் அசைத்துக்கொண்டிருப்பது நல்லது.

மார்கழிக் கச்சேரிகள் நெருங்கும்போது, ஒரு மணி நேரச் சாதகத்தை ஒரே வாரத்தில் நான்கு மணி ஆக்குவதுதான் ஆண்டுதோறும் நடக்கும் விபத்து. நாண்கள் அவ்வளவு வேகமாகப் பழகாது. புரட்டாசியிலேயே தொடங்கி, வாரத்துக்குப் பத்து நிமிடம் கூட்டுங்கள். 25 நிமிடம் வாசித்தால் 5 நிமிடம் எழுந்து நடங்கள். காலை மாற்றிப் போடவும் அதுவே நேரம். முழங்காலின் வெளிப்பக்கத்தில் தோலுக்கு மிக அருகே ஓடும் நரம்பு சப்பணத்தில் அமுங்குவதால்தான் பாதம் மரத்துப்போகிறது. மரத்த காலோடு கருவியைத் தூக்கிக்கொண்டு எழாதீர்கள்.

எண்ணெய் தேய்த்து மறைக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் முழங்கையில் நரம்பு அமுங்கியிருக்கலாம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் இரவில் மரத்து உறக்கம் கெட்டால் மணிக்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். வலியே இல்லாமல் ஒரு விரல் மட்டும் வாசிக்கும்போது சொன்ன பேச்சைக் கேட்காமல் சுருண்டால், அதைச் சாதகக் குறைவு என்று நினைத்து மணிக்கணக்கில் வாசிப்பது நிலைமையை மோசமாக்கும். அது மூளை விரலை இயக்கும் விதத்தில் வரும் கோளாறாக இருக்கலாம், நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டியது. மருத்துவரிடம் போகும்போது கருவியையும் எடுத்துச் செல்லுங்கள். நாற்காலியில் உட்காரவைத்துக் கையை நீட்டச் சொன்னால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும். ஒரு துண்டை விரித்துத் தரையில் உட்கார்ந்து, வலி தொடங்கும் அந்தப் பிரயோகத்தை அவர் முன்னே வாசித்துக் காட்டுங்கள்.