லே போய் இறங்கியதும் நாம் செய்யும் தவறுகள்

கடல்மட்டத்தில் தூங்கி எழுந்த ஒருவரை ஒரே நாளில் 3,500 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது லடாக் விமானம். லடாக்கின் முக்கிய நகரமான லேயில் காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கேயும் 21 சதவீதம்தான், அது மாறுவதில்லை. அழுத்தம் குறைந்துவிடுவதால் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது.

இங்கே முதலில் ஏமாறுகிறவர்கள் உடம்பை நன்றாக வைத்திருப்பவர்கள். “தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுறேன், எனக்கு என்ன ஆகப்போகுது?” என்று கேட்பார்கள். ஓடிப் பழகிய இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தத்தை அனுப்பும். தசைகளில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகும். எல்லாம் உண்மை. ஆனால் உயரத்துக்குப் பழகுவது வேறு வேலை. கழுத்தில், தமனி கிளை பிரியும் இடத்தில் இருக்கும் ஒரு சிறிய உணர்வுறுப்பு ஆக்சிஜன் குறைவதைக் கண்டுபிடித்து மூச்சை வேகப்படுத்துகிறது. வேகமாக மூச்சுவிடும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அது மூச்சை மறுபடி அடக்கப் பார்க்கும். சிறுநீரகம் அந்தக் காரத்தை மெதுவாக வெளியேற்றிச் சரிசெய்ய சில நாட்கள் ஆகும். நீங்கள் எத்தனை மாரத்தான் ஓடியிருந்தாலும் அந்த நாட்கள் குறையாது. தெம்பு இருப்பவர் முதல் நாளே வேகமாக ஏறிவிடுகிறார் என்பதால் அவருக்கு ஆபத்து கூடவும் செய்யலாம்.

1962 போர்க்காலத்தில் சமவெளியிலிருந்து இமயமலைக்குக் கொண்டுபோகப்பட்ட நம் வீரர்களிடம் இது பெரிய அளவில் தெரிந்தது. மலைநோய், அதாவது உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் நோய், கண்ட 1,925 வீரர்களைப் பற்றி இந்திய ராணுவ மருத்துவர்கள் 1969-இல் எழுதிய கட்டுரை இன்றும் இத்துறையின் அடிப்படை ஆவணங்களில் ஒன்று. அந்த வீரர்கள் யாரும் பயிற்சி இல்லாதவர்கள் அல்ல.

அப்புறம், “ஊட்டியில் ரெண்டு நாள் ஓடிட்டு வந்தா ரத்தம் ஊறிடும்” என்ற நம்பிக்கை. ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் ஏறக்குறைய அதே உயரம்தான். அங்கே 10,000 மீட்டர் ஓட்டத்தில் கென்யாவின் நஃப்தாலி தெமு எடுத்துக்கொண்ட நேரம் 29 நிமிடம் 27 விநாடி. அப்போதைய உலக சாதனை 27 நிமிடம் 39 விநாடி. அந்தச் சாதனையை வைத்திருந்த ஆஸ்திரேலியர் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் சுயநினைவில்லாமல் விழுந்தார். உலகின் சிறந்த ஓட்டக்காரருக்கே ஊட்டி உயரத்தில் அந்த நிலை.

உயரத்துக்குப் போன சில மணி நேரத்திலேயே சிவப்பணுவை உருவாக்கச் சொல்லும் ஹார்மோனைச் சிறுநீரகம் அதிகமாகச் சுரக்கத் தொடங்கிவிடும். ஆனால் குறிப்பிடத்தக்க அளவு புதிய அணுக்கள் சேர வாரக்கணக்கில் ஆகும். முதல் சில நாட்களில் பரிசோதித்தால் ஹீமோகுளோபின் ஏறியிருப்பது போலத் தெரிகிறதே என்றால், ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்து கெட்டியாகியிருக்கிறது, அவ்வளவுதான். மலையில் ஊர் வேகத்திலேயே ஓட முயல்வதும் வீண். 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் உடலின் உச்சத்திறன் சுமார் ஒரு சதவீதம் குறைகிறது. அதனால்தான் உயரத்தில் தங்கி, கீழே இறங்கி வந்து பயிற்சி செய்யும் முறை ஓட்டக்காரர்களிடையே வந்தது.

பயணத் திட்டத்தில் செய்யும் தவறுகள்தான் எனக்கு உண்மையிலேயே கவலை தருகின்றன. இறங்கிய மறுநாளே 5,359 மீட்டர் உயர கர்துங் லா கணவாய், அதற்கு அடுத்த நாள் 4,250 மீட்டரில் பாங்காங் ஏரிக்கரைக் கூடாரம். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் விடுங்கள் என்பது பொது விதி. பகலில் எவ்வளவு ஏறினீர்கள் என்பதைவிட இரவில் எங்கே படுக்கிறீர்கள் என்பதே முக்கியம். சாலை வழி என்றாலே பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். ஸ்ரீநகர், கார்கில் வழியாகப் போனால் உயரம் படிப்படியாகக் கூடும். மணாலி வழியாகப் போகிறவர்கள் பலர் சுமார் 4,290 மீட்டரில் இருக்கும் சர்ச்சுவில் இரவு தங்கி அவதிப்படுகிறார்கள். அது லேயைவிட உயரம்.

மூச்சு முட்டும்போது கற்பூரத்தை முகர்ந்தால் மூக்கில் குளுமை தெரியும், காற்று நன்றாகப் போவது போலவும் இருக்கும். ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் அதிகரிக்காது. கடையில் விற்கும் சிறிய ஆக்சிஜன் கேனும் சில நிமிடங்களுக்குத்தான். டயமாக்ஸ் உண்மையாகவே உதவும் மருந்து. சிறுநீரகம் காரத்தை வெளியேற்றுவதை அது விரைவுபடுத்துகிறது. ஆனால் சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் உட்பட எல்லோரும் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் இரவில் மூச்சை இன்னும் மந்தமாக்கும், முதல் நாட்களில் வேண்டாம்.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் “கேஸ்தான், பயண அலுப்புதான்” என்று மாத்திரை போட்டுக்கொண்டு மேலே ஏறுவது எல்லாவற்றிலும் மோசம். வேறு காரணம் உறுதியாகும்வரை அதை மலைநோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மேலே போகவே கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, இருமல் விடாமல் வருகிறதா? நுரையீரலில் நீர் சேர்கிறது. நேர்கோட்டில் குதிகாலை ஒட்டி அடிவைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறாரா, பேச்சு குழறுகிறதா? மூளை வீங்குகிறது. இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் இருந்தால் கொடுத்து, உடனே கீழே இறக்க வேண்டும், மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கூட ஒருவர் கட்டாயம் போக வேண்டும், ஏனென்றால் மூளை வீங்கியவருக்குத் தன் நிலை தெரியாது. “எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க போங்க” என்றுதான் அவர் சொல்வார்.