யாக்கோபு நிருபத்தின்படி ஒரு மாதம் நடந்து பார்க்கும் முறை

வேதாகமம் முழுவதையும் அவசரமாக ஓராண்டில் வாசித்து முடிப்பதைவிட, புதிய ஏற்பாட்டில் ஐந்து அதிகாரங்களும் 108 வசனங்களும் மட்டுமே கொண்ட கடிதமான யாக்கோபு நிருபத்தை ஒரு மாதம் திரும்பத் திரும்ப வாசிப்பது, தன் நடத்தையைத் திருத்திக்கொள்ள விரும்பும் கிறிஸ்தவருக்கு அதிகம் உதவும் என்பது என் உறுதியான எண்ணம். காலையில் கைபேசியைத் தொடும் முன்பே ஜெபித்து, நான்கைந்து வசனங்களை வாய்விட்டு வாசியுங்கள்; பிறகு, அன்றைக்கு யாரிடம், எந்த வேளையில் அதன்படி நடக்கப்போகிறீர்கள் என்பதை ஒரே வரியில் குறிப்பேட்டில் எழுதுங்கள். "அன்பாயிருப்பேன்" என்று பொதுவாக எழுதினால் மாலைக்குள் மறந்துபோகும்.

ஐந்தாம் அதிகாரம், வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுவதாகச் சொல்கிறது. அதை வாசித்த நாளில், வீட்டு வேலை செய்யும் அக்காவுக்குச் சம்பளம் பாக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அடுத்த வாரம் தருகிறேன் என்னாமல், அவர் பாத்திரம் கழுவி முடித்து ஈரக்கையைத் துடைக்கும்போதே கொடுத்துவிடுங்கள். ஏழை, பணக்காரர் என்று பட்சபாதம் காட்டக்கூடாது என்னும் இரண்டாம் அதிகாரத்தை ஆலயத்திலேயே கடைப்பிடிக்கலாம்: கந்தையுடுத்து வருகிறவருக்கு உங்கள் பக்கத்திலேயே இடம் கொடுங்கள்.

நாவைப் பற்றிய மூன்றாம் அதிகாரத்துக்கு மட்டும் ஒரு முழு வாரம் வேண்டும். இரவு குடும்ப ஜெபத்துக்கு முன், அன்று யாரைப் புண்படுத்திப் பேசினோம் என்று எண்ணிப்பார்த்து, அது சிறு பிள்ளையானாலும் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டு முழங்காற்படியிடுங்கள்.