சிமுலேற்றரில் விமானம் ஓட்டப் பழகுபவர்கள் விடும் பிழைகள்

வன்னியில் ஒரு லப்டொப்பும் ஜொய்ஸ்ரிக்கும் கைக்கு வந்ததும் பலர் முதலில் செய்வது, சிமுலேற்றர் மென்பொருளில் ஏர்பஸ் ஏ320 என்ற பெரிய ஜெற்றைத் தெரிவுசெய்து, ஒட்டோபைலற்றைப் போட்டு, பலாலியில் கொண்டுபோய் இறக்கப் பார்ப்பது. 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்த பலாலிக்குச் சென்னையிலிருந்து வந்திறங்கியவை ஏரிஆர் 72 ரக புரொபெல்லர் விமானங்கள். பெரிய ஜெற்றுகளுக்கு அந்த ஓடுபாதை நீளம் காணாது. அதை விடுவோம். ஏ320 இல் தொடங்குபவருக்கு விமானம் ஏன் திரும்புகிறது, ஏன் இறங்குகிறது என்பதே பிடிபடாது. கணினி ஓட்டும், அவர் பொத்தான் அழுத்திக்கொண்டிருப்பார். நாலு பேர் ஏறும் சின்ன விமானமான செஸ்னா 172 இல் தொடங்குங்கள். ஏறும் வேகம் 74 நொட் (மணிக்கு 74 கடல் மைல்), எஞ்சின் நின்றால் மிதந்து இறங்கும் வேகம் 68, பிளப்பை (இறக்கையின் பின்பக்கத் தகடு) முழுதாக இறக்கித் தரையிறங்க வரும்போது 60 முதல் 70 வரை. இந்த மூன்றும் மனத்தில் இருந்தால் முதல் மாதத்துக்குப் போதும்.

உண்மையான விமானத்தில் பிழையை உடம்பு சொல்லிவிடும். விமானத்தை ஓட்டும் பிடி கனக்கும், இருக்கையில் உடல் ஒரு பக்கம் சரியும், காற்றின் இரைச்சல் மாறும். வீட்டு மேசையில் இரைச்சல் மட்டும்தான் மிஞ்சுகிறது. அதனால் இங்கே விடும் பிழைகள் பழக்கமாக இறுகும்வரை கண்ணில் படுவதில்லை.

ட்ரிம்மைப் பிடியாகப் பாவிப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பரவலான பிழை. ட்ரிம் என்பது பிடியின் பாரத்தைக் கையிலிருந்து எடுத்து, மூக்கை அதே நிலையில் நிறுத்திவைக்கும் ஏற்பாடு. செஸ்னாவில் மூக்கைத் தூக்கிப் பிடித்தால் பிடியில் பாரம் தெரியும். அந்தப் பாரம் கையை விட்டுப் போகும்வரை ட்ரிம் சில்லைச் சுற்றுவார்கள். வீட்டு ஜொய்ஸ்ரிக்கில் இருப்பது ஸ்பிரிங். வேகம் 50 நொட்டோ 110 நொட்டோ, அது ஒரே பலத்தில் நடுவுக்கு இழுக்கும். பாரம் தெரியாததால் பலர் ஜொய்ஸ்ரிக்கைத் தொடாமல் ட்ரிம் பொத்தானாலேயே மேலே கீழே ஓட்டுகிறார்கள். விமானம் அலையலையாக ஏறி இறங்கும்.

சரியான ஒழுங்கு இது. 2,000 அடியில் மூக்கை ஜொய்ஸ்ரிக்கால் அடிவானத்துக்குக் கொண்டுவந்து பிடியுங்கள். எஞ்சினை 2,300 முதல் 2,400 ஆர்பிஎம்முக்குக் குறையுங்கள். வேகம் ஒரு நிலைக்கு வர அரை நிமிடமாவது பிடிக்கும். அதுவரை ட்ரிம்மைத் தொட வேண்டாம். வேகம் நின்ற பிறகு ட்ரிம்மை ஒவ்வொரு தட்டாகத் தட்டி, தட்டுக்கு ஏற்ப ஜொய்ஸ்ரிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு விடுங்கள். கையை எடுத்த பின்னும் மூக்கு அசையாவிட்டால் ட்ரிம் சரி. வேகம் மாறிக்கொண்டிருக்கும்போது ட்ரிம் செய்தால் அது ஒருநாளும் சரிவராது.

இதோடு சேர்ந்தது உயர மாற்றம் காட்டும் மானியைத் துரத்துவது. அந்த ஊசி சில செக்கன் பிந்தித்தான் உண்மையைச் சொல்லும். ஊசியைப் பார்த்து இழுத்தால் நீங்கள் திருத்துவது பழைய பிழையை.

இருக்கையின் உயரம்

தரையிறங்கும்போது தொம் என்று விழுபவர்கள் கையைக் குறை சொல்வார்கள். அநேகமாகப் பிழை கமராவில், அதாவது திரையில் விமானியின் பார்வையை வைத்திருக்கும் விதத்தில் இருக்கும். மட்டமாகப் பறக்கும்போது எஞ்சின் மூடிக்கு மேல் ஏறத்தாழ நான்கு விரல் அளவில் அடிவானம் தெரிய வேண்டும். அப்படித் தெரியும்வரை இருக்கையை உயர்த்திச் சேமித்து வையுங்கள். பார்வையை மிக அகலமாக வைத்தால் ஓடுபாதை சின்னதாகத் தெரியும். இன்னும் உயரத்தில் இருக்கிறோம் என்று கண் ஏமாறி, மூக்கைத் தூக்கப் பிந்திவிடும். கிட்டவாக இழுத்து வைத்தால் மறுவளம்: 30 அடியிலேயே தூக்கி, வேகம் செத்து விழுவீர்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஸூமில் இறங்கிப் பழகினால் நூறு தடவை இறங்கினாலும் கண் படிக்காது.

இறங்கி வரும்போது கண்ணாடியில் அசையாமல் நிற்கும் இடம் எதுவோ அங்கேதான் விமானம் போகிறது. ஓடுபாதையின் தொடக்கத்தில் எழுதியிருக்கும் இலக்கம் கண்ணாடியில் மேலே ஏறினால் ஓடுபாதையை எட்டுமுன்பே விழப்போகிறீர்கள், கீழே இறங்கினால் தாண்டப்போகிறீர்கள்.

தானாக றடர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் சுக்கான்) போடும் உதவியை முதல் நாளே நிறுத்துங்கள். எஞ்சின் வலுவைக் கூட்டும் திரொட்டிலை முழுதாகத் தள்ளியதும் மூக்கு இடப்பக்கம் ஓடும். வலக்கால் அழுத்திப் பழகாதவர் உண்மையான விமானத்தில் முதல் ஓட்டத்திலேயே ஓடுபாதையின் ஓரத்துக்குப் போவார். மிதி இல்லாவிட்டால் முறுக்கக்கூடிய ஜொய்ஸ்ரிக் போதும்.

காற்றே இல்லாத வானம்

அடுத்த பெரிய பிழை, வானிலையைத் தெளிந்த வானத்திலேயே விட்டுவைப்பது. வன்னியில் இருப்பவருக்குத் தென்மேற்கிலிருந்து வரும் சோளகத்தையும் வடகிழக்கிலிருந்து வரும் வாடையையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பலாலி ஓடுபாதைக்கு 05, 23 என்று பெயர் வந்ததே திசையால்தான், ஏறத்தாழ 50, 230 பாகை. சோளகம் வீசும்போது 23 இல் தென்மேற்கு முகமாகவும், வாடையில் 05 இல் வடகிழக்கு முகமாகவும் காற்றை எதிர்த்து ஏறி இறங்க வேண்டும்.

ஒரு பயணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பலாலியிலிருந்து வவுனியா விமானத்தளத்துக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 68 கடல் மைல், உண்மைத் திசை 158 பாகை. 110 நொட்டில் காற்றில்லாமல் 37 நிமிடம். கோடு ஏ9 வீதியில் போகாது. கடனீரேரியைத் தாண்டிப் பத்தாவது நிமிடமளவில் பூநகரி, இருபத்தைந்தாவது நிமிடமளவில் வவுனிக்குளம். இப்போது 240 பாகையிலிருந்து 20 நொட் சோளகத்தைப் போடுங்கள். திசையைத் திருத்தாமல் போனால், வவுனிக்குளம் தெரிய வேண்டிய நேரத்தில் கீழே ஏ9 உம் தண்டவாளமும் மாங்குளம் பக்கமும் தெரியும். முடிவில் வவுனியாவுக்குக் கிழக்கே 10 கடல் மைலுக்கு மேல் தள்ளி, பதவியாக் குளத்துக்கு மேற்கே காட்டின் மேல் நிற்பீர்கள். மூக்கை ஏறத்தாழ 10 பாகை வலப்பக்கம், அதாவது 168 க்கு வைத்தால் கோடு பிசகாது. நேரம் இரண்டு நிமிடமளவில் கூடும். திசைகாட்டியில் இன்னும் 2 பாகை கூட்டிக்கொள்ளுங்கள், இங்கே காந்த ஊசி அவ்வளவு மேற்கே விலகி நிற்கிறது.

இதை ஜிபிஎஸ் கோட்டைப் பார்த்து ஓட்டினால் எதுவும் கற்கமாட்டீர்கள். கடதாசியில் நேரத்தை எழுதி, குளத்தைத் தேடுங்கள். வன்னியில் குளத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் கரையின் வடிவத்தைப் பார்க்க வேண்டும், தண்ணீரின் பரப்பை நம்பக்கூடாது. செய்மதிப் படம் ஏதோ ஒரு நாள் எடுத்தது. மாரியில் நிரம்பியிருக்கும் இரணைமடுவும் கோடையில் வற்றிய இரணைமடுவும் ஒன்றல்ல.

வெயில், விமானத்துக்கும் லப்டொப்புக்கும்

சிமுலேற்றரின் தெளிந்த வானத்தில் வெப்பநிலை பெரும்பாலும் 15 பாகை செல்சியஸ். அது பாடப்புத்தகத்து வளிமண்டலம். அதை 35 ஆக்குங்கள். அந்த வளிமண்டலத்தைவிடக் கூடும் ஒவ்வொரு பாகைக்கும் 120 அடி என்ற கணக்கில், ஏறத்தாழ 300 அடி உயரத்திலுள்ள வவுனியாவில் விமானம் 2,700 அடி மலையில் நிற்பதுபோல நடந்துகொள்ளும். இறக்கை, புரொபெல்லர், எஞ்சின் மூன்றுக்கும் காற்று ஐது. ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாகும். நாலு பேரை ஏற்றி முழு எரிபொருளோடு நடுப்பகலில் ஏறிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அதே வெயில் லப்டொப்பையும் விடாது. முதல் பத்து நிமிடம் வழுவழுப்பாக ஓடிப் பிறகு திக்கினால் அது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்ட்டின் குறையல்ல, சூடு. சூடேறியதும் புரொசஸர் தன் வேகத்தைத் தானே குறைக்கும். படவேகத்தைச் செக்கனுக்கு 30 படத்தில் கட்டுப்படுத்துங்கள், பின்பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்துங்கள், மெத்தையில் வைக்கவே வேண்டாம்.

செம்மண் புழுதி ஜொய்ஸ்ரிக்கின் எதிரி. மலிவான ஜொய்ஸ்ரிக்கில் அசைவை அளக்கும் பொட்டென்சியோமீற்றரில் தூசு படிந்தால், கை வைக்காமலே விமானம் துடிக்கும். உடனே டெட்ஸோனை (நடுவில் அசைத்தாலும் சிமுலேற்றர் கணக்கில் எடுக்காத இடைவெளி) 20 வீதமாக்குவது தப்பு. நடுவில் கை உணர்வே செத்துவிடும். 3 முதல் 5 வீதம் போதும். அதற்கும் அடங்காவிட்டால் கழற்றி இலத்திரனியல் கொன்ராக்ட் கிளீனர் அடியுங்கள். துரு நீக்கும் எண்ணெய் வேண்டாம், அது தூசை இன்னும் பிடித்துவைக்கும்.

டேட்டா பக்கேஜில் ஓடுபவருக்கு மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேற்றர் செலவு பிடித்தது. நிலப்பரப்பைப் பறக்கும்போதே இழுக்கும். எக்ஸ்-பிளேன் நிலப்பரப்பைக் கணினியின் வட்டிலேயே வைத்துக்கொள்கிறது. ஃபிளைட்கியர் இலவசம், வேண்டிய பகுதியை முன்கூட்டியே இறக்கலாம். அழகு குறைவு, பழகுவதற்கு அது குறையே அல்ல.

உயரமானியில் க்யூஎன்எச், அதாவது கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட அன்றைய காற்றழுத்தம், வைக்க மறப்பது சின்னதாகத் தெரியும். அது 1007 ஹெக்ரோபஸ்கலாக இருக்க 1013 இல் விட்டால், மானி 160 அடிக்கு மேல் கூட்டிக் காட்டும். மழை இருளில் அவ்வளவும் பனைமர உயரத்துக்கு மேல்.

மணித்தியாலக் கணக்கு

வீட்டில் ஓட்டிய 500 மணித்தியாலம் எந்த உரிமத்திலும் ஏறாது. சர்வதேச விதிப்படி தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 17 வயதும் 40 மணித்தியாலப் பறப்பும் வேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சிக் கருவியில் செலவிட்ட நேரத்துக்குத்தான் ஓரளவு சலுகை உண்டு. ஆனாலும் செக்லிஸ்ற், மானிகளைப் பார்க்கும் ஒழுங்கு, ரேடியோ ஆங்கிலம் மூன்றும் வீட்டிலிருந்து அப்படியே கொண்டுபோகக்கூடியவை. ரேடியோவுக்கு வற்சிம் போன்ற, தன்னார்வலர்கள் கட்டுப்பாட்டாளர்களாகப் பேசும் இலவச இணைய வலையமைப்புகள் உண்டு. அங்கே ஓடுபாதையில் தோன்றக்கூடாது, விமானம் நிறுத்துமிடத்தில் நின்றுதான் இணைய வேண்டும். முதல் வாரம் பேசாமல் கேளுங்கள்.

சிமுலேற்றரிலிருந்து வருபவர்கள் தலையைக் குனிந்து மானித்திரையையே பார்ப்பார்கள், வெளியே பார்க்கமாட்டார்கள். வாரத்தில் ஒருநாள் அந்தத் திரையின் வெளிச்சத்தை முழுதாகக் குறைத்துவிட்டு, எஞ்சின் சத்தத்தையும் அடிவானத்தையும் மட்டும் வைத்து ஓடுபாதையைச் சுற்றி ஐந்து வட்டம் போடுங்கள். ஒவ்வொரு முறையும் தரையைத் தொடுமுன் வேகத்தை வாய்விட்டுச் சொல்லி, பிறகு திரையைக் கூட்டிச் சரிபாருங்கள். 5 நொட்டுக்குள் வந்தால் அடுத்த நாள் குறுக்குக் காற்றைப் போடலாம், 15 நொட்டுக்கு மேல் வேண்டாம்.