எல்லைப்புற வக்கீலின் வாழ்க்கையைக் குடும்பத்தோடு எழுதுவது எப்படி? லிங்கனை வைத்து ஒரு பயிற்சி

ஆபிரகாம் லிங்கனைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளை மாளிகையிலிருந்து தொடங்குகிறார்கள். வாழ்க்கை வரலாறு எழுதப் பழகுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, அங்கே தொடங்காதீர்கள். 1861இல் அதிபராவதற்கு முன் 20 ஆண்டுகளுக்கு மேல் இல்லினாய்ஸில், அதாவது அன்று எல்லைப்புறம் எனப்பட்ட, மேற்கே புதிதாகக் குடியேறிய பகுதியில், வக்கீலாக இருந்தவர் அவர். குடும்பத்தை முதலில் வரைந்துகொண்டால் வக்கீலும் அரசியல்வாதியும் நன்றாகப் பிடிபடுவார்கள். ஒரு பெரிய தாள், பென்சில், ரப்பர் போதும்.

படி 1: தாத்தாவை மேலே எழுதுங்கள்

தாத்தா பெயரும் ஆபிரகாம்தான். வர்ஜீனியாவிலிருந்து கென்டக்கிக்குக் குடியேறியவர். 1786இல் வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது பழங்குடியினரின் தாக்குதலில் இறந்தார். அவருடைய மகன், சிறுவனான தாமஸ், பக்கத்திலேயே இருந்தான். அண்ணன் மோர்டெகாய் துப்பாக்கியால் சுட்டுத் தம்பியைக் காப்பாற்றினார். பழங்குடியினர் தங்கள் நிலத்திலிருந்து தள்ளப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதையும் ஓரத்தில் எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் கதை ஒருபக்கமாகிவிடும்.

அன்றைய சட்டப்படி சொத்து மூத்த மகனுக்குப் போனது. தாமஸ் கூலி வேலை செய்து வளர்ந்தார். இவர்தான் நம் லிங்கனின் அப்பா.

படி 2: நிலத்தைப் பின்தொடருங்கள்

தாமஸ் கென்டக்கியில் நிலம் வாங்கினார், வாங்கிய இடங்களில் வில்லங்கம் வந்தது. 1816இல் குடும்பம் இந்தியானாவுக்குக் கிளம்பியது. அதற்கு அடிமைமுறை ஒரு காரணம், நிலப் பத்திரச் சிக்கல் முக்கியக் காரணம் என்று லிங்கனே பின்னாளில் எழுதினார். ஏழு வயதில் சட்டம் அவருடைய வீட்டுக்குள் வந்துவிட்டது. எல்லைப்புற மனிதர் யாரைப் பற்றி எழுதினாலும் முதலில் கிரயப் பத்திரங்களைத் தேடுங்கள்.

படி 3: சொன்னதைப் பதிவோடு ஒப்பிடுங்கள்

1859இல் லிங்கன் எழுதிக்கொடுத்த சுருக்கமான தன்வரலாற்றுக் குறிப்பின்படி கணக்குப் போட்டால் தாத்தா இறந்தது 1783, 84 வாக்கில் வரும். உண்மை 1786. தன் வாழ்க்கையைத் தானே சொல்கிறவருக்கும் ஆண்டு தவறும்.

இன்னொன்று, பெற்றோரின் திருமணம். தாமஸும் நான்சி ஹாங்க்ஸும் முறைப்படி மணந்தவர்களா என்று ஊர் பேசியது. குடும்பம் வாழ்ந்த ஹார்டின் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) பதிவு இல்லை. லிங்கன் இறந்த பிறகுதான் வாஷிங்டன் கவுண்டியில் அது கிடைத்தது: 1806 ஜூன் 12. அவர் கண்ணில் படாமலே போன காகிதம் அது. எனக்கு இன்றும் மனம் பொறுக்காத இடம் இது. பதிவு கிடைக்கவில்லை என்றால் அடுத்த கவுண்டியிலும் தேடாமல் முடிவு எழுதாதீர்கள்.

படி 4: உறவுகளைத் தமிழில் எழுதுங்கள்

ஆங்கிலத்தில் 'கசின்' என்ற ஒரே சொல்லில் பல உறவுகள் அடங்கிவிடும். தமிழில் எழுதும்போது அத்தை மகனா, பெரியப்பா மகனா என்று தேடித்தான் ஆகவேண்டும். அந்தத் தேடலே பாதி ஆராய்ச்சி.

லிங்கன் 1842 நவம்பர் 4 அன்று மேரி டாடை மணந்தார். மேரி கென்டக்கியின் வசதியான, அடிமைகளை வைத்திருந்த குடும்பத்துப் பெண். திருமணம் நடந்தது மேரியின் அக்கா வீட்டில். அக்கா கணவர் நினியன் எட்வர்ட்ஸ், முன்னாள் ஆளுநரின் மகன். ஆக, லிங்கனுக்குச் சகலை. சட்டப் புத்தகம் இரவல் கொடுத்துப் படிக்கவைத்து, 1837இல் தொழில் கூட்டாளியாகவும் சேர்த்துக்கொண்ட ஜான் டாட் ஸ்டூவர்ட் மேரிக்கு அத்தை மகன். இன்னொரு சகலையான பென்ஜமின் ஹெல்ம், உள்நாட்டுப் போரில் லிங்கனின் அரசை எதிர்த்த தென்மாநிலப் படையின் தளபதி. 1863இல் சிக்கமாகா போரில் இறந்தார். அந்தப் போர் லிங்கனுடைய சாப்பாட்டு மேசை வரை வந்துவிட்டது என்பதை இந்தச் சகலை என்ற சொல் காட்டிவிடும்.

மறக்காமல் சித்தியையும் எழுதுங்கள். அம்மா 1818இல் இறந்தார், நச்சுச்செடி தின்ற மாட்டின் பாலால் வரும் நோய். அடுத்த ஆண்டு சாரா புஷ் ஜான்ஸ்டன் மூன்று பிள்ளைகளோடு வந்தார். அதிபராகப் பதவியேற்கப் போகுமுன் 1861இல் லிங்கன் போய்ப் பார்த்துவந்தது இந்தச் சித்தியைத்தான்.

படி 5: தொழிலைச் சுருக்கமாக

லிங்கன் வழக்காடிய, இல்லினாய்ஸின் எட்டாவது நீதி வட்டாரத்தில் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் நீதிபதியோடு வக்கீல்களும் ஊர் ஊராகப் போவார்கள். கடன் வழக்குகள்தான் அதிகம். அங்கே நீதிபதியாக இருந்த டேவிட் டேவிஸ் 1860இல் லிங்கன் அதிபர் வேட்பாளராவதற்கு முன்னின்று உழைத்தார். லிங்கன் இறந்தபின் சொத்தை நிர்வகித்தவரும் அவரே.

படி 6: நடுவில் கோடு போடுங்கள்

இந்தப் பயிற்சியின் உயிர் இதுதான். இடப்பக்கம் வீடு, வலப்பக்கம் வெளியுலகம். நான்கு மகன்கள்: ராபர்ட் 1843, எட்வர்ட் 1846, வில்லி 1850, தாமஸ் என்கிற டேட் 1853. எட்வர்ட் 1850 பிப்ரவரியில் நான்கு வயது நிறையுமுன் போய்விட்டான். அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று வில்லி பிறந்தான்.

இப்போது வலப்பக்கம் ஒரு குற்றச்சாட்டை எழுதுங்கள்: சாகக் கிடந்த அப்பாவைப் பார்க்க லிங்கன் போகவில்லை. தாமஸ் இறந்தது 1851 ஜனவரி 17. சில நாள் முன் எழுதிய கடிதத்தில், மனைவி பேறுகாலப் படுக்கையில் இருக்கிறாள் என்கிறார். சந்தித்தாலும் மகிழ்ச்சியைவிட வேதனையே மிஞ்சுமோ என்ற சந்தேகத்தையும் மறைக்கவில்லை. ஆனால் 1841இல் 200 டாலர் கொடுத்து அப்பாவின் 40 ஏக்கரைத் தன் பெயருக்கு வாங்கி, பெற்றோர் ஆயுள்வரை அனுபவிக்கட்டும் என்று விட்டவரும் இவரே. அப்பா இறந்தபின் பிறந்த முதல் பிள்ளைக்கு வைத்த பெயர் தாமஸ். இந்தத் தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் 'கல்நெஞ்சன்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அப்பா மீது பாசம் பொங்கியது என்று எழுதவும் வரவில்லை. இரண்டையும் அப்படியே வையுங்கள்.

அப்புறம் 1862 பிப்ரவரி. வலப்பக்கம் உள்நாட்டுப் போரில் லிங்கன் தரப்புக்குக் கிடைத்த டானல்சன் கோட்டை வெற்றி, 16ஆம் தேதி. இடப்பக்கம் வில்லியின் மரணம், 20ஆம் தேதி.

படி 7: எங்கே நிறுத்துவது?

லிங்கன் இறந்த 1865 ஏப்ரல் 15இல் நிறுத்திவிடாதீர்கள். டேட் 1871இல் இறந்தான். மூத்தவர் ராபர்ட்டும் வக்கீல், பின்பு போர்த்துறைச் செயலாளர். 1875இல் தன் தாய்க்குச் சித்தம் சரியில்லை என்று நீதிமன்றம் போனவர். இங்கே தாயின் பக்கத்தையும் மகனின் பக்கத்தையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். மேரி 1882இல் இறந்தார்.

ராபர்ட்டின் ஒரே மகன் பெயர் ஆபிரகாம், 1890இல் லண்டனில் பதின்ம வயதில் இறந்தான். கிளை மகள்கள் வழியாகவே நீளும். கடைசியாக எழுதவேண்டிய பெயர் ராபர்ட் டாட் லிங்கன் பெக்வித், லிங்கனின் கொள்ளுப்பேரன். அவர் இறந்தது 1985 டிசம்பர் 24. அவருக்குக் கீழே கோடு கிடையாது, பென்சிலை வைத்துவிடலாம்.