புளோரின் வேறு, புளோரைடு வேறு: அணுப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பென்னாகரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் பதினெட்டு ஆண்டுகளாக ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்து வருகிறேன். சென்ற மாதம் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, என் பதினைந்தாம் வயதில் நான் செய்த ஒரு தவறு அதே சொற்களில் ஒரு மாணவியின் கையெழுத்தில் இருந்ததைக் கண்டேன். அதுவே இதை எழுதத் தூண்டியது. தனிமக் குறியீட்டின் இரண்டாம் எழுத்தைப் பெரிதாக எழுதுவது போன்ற கைப்பிழைகள் இரண்டு தேர்வுகளில் தாமே சரியாகிவிடும் என்பதால், அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

நிறை எண்ணையும் அணு நிறையையும் ஒன்றெனக் கொள்வது

குளோரினின் அணு எண் (புரோட்டான்களின் எண்ணிக்கை) 17, அணு நிறை 35.5, ஆகவே நியூட்ரான்கள் 18.5 என்று ஆண்டுதோறும் யாரேனும் எழுதுகிறார்கள். அரை நியூட்ரான் எந்த அணுவிலும் இல்லை. இயற்கையில் கிடைக்கும் குளோரின் அணுக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு 35 என்ற நிறை எண்ணும் (புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்த எண்ணிக்கை), எஞ்சியவை 37 என்ற நிறை எண்ணும் உடையவை. முன்னதில் 18 நியூட்ரான்கள், பின்னதில் 20. கிருஷ்ணகிரி மண்டியில் ஒரு கூடை பெங்களூரா மாங்காயை நிறுத்து, காய்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு சராசரி எடை கிடைக்கும். மிகச் சரியாக அந்த எடையுள்ள காய் கூடையில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். 35.5 என்பதும் அத்தகைய சராசரியே.

தனிமத்தின் குணத்தை அயனியின் மேல் ஏற்றுவது

மேலே சொன்ன மாணவி எழுதியிருந்த விடை இது: "நம் ஊர்த் தண்ணீரில் உள்ள புளோரின் ஒரு வாயு. ஆகவே தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அது வெளியேறிவிடும்."

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடிப்பாறையில் பயோட்டைட், அப்பட்டைட் போன்ற புளோரைடு அடங்கிய கனிமங்கள் உள்ளன. பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும் நீர் அவற்றிலிருந்து புளோரைடைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. அந்த நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிவதை இங்கே அறியாதவர் இல்லை. ஊர் வழக்கில் அந்த நீருக்குப் 'புளோரின் தண்ணி' என்று பெயர். பேச்சில் அப்படிச் சொல்வதில் குற்றமில்லை. வேதியியல் படிக்கும் பிள்ளை அந்தச் சொல்லை அப்படியே நம்புவதுதான் ஆபத்து.

நான் நம்பினேன். புளோரின் வாயு என்று புத்தகத்தில் படித்திருந்தேன். குளோரின் கலந்த தொட்டி நீரைத் திறந்து வைத்தால் வாடை போய்விடுவதைக் கண்ணால் பார்த்துமிருந்தேன். இரண்டையும் முடிச்சுப் போட்டு, கைப்பம்பு நீரைக் காய்ச்சினால் போதும் என்று அம்மாவிடம் சொன்னேன். அதுவரை அரை மைல் நடந்து, புளோரைடு குறைந்த திறந்த கிணற்றிலிருந்து குடிநீர் சுமந்து வந்த அம்மா, படிக்கிற பிள்ளை சொல்கிறதே என்று கைப்பம்பு நீரையே காய்ச்சத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகள் அப்படியே நடந்தது. என் தங்கைக்கு அப்போது நான்கு வயது. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பருவம். அவள் பற்களில் இன்றும் அந்தக் கறை இருக்கிறது.

புளோரின் அணுவில் 9 புரோட்டான்களும் 9 எலக்ட்ரான்களும் உள்ளன. எலக்ட்ரான் அமைப்பு, அதாவது உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு கூட்டிலும் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை, 2, 7. இரண்டு அணுக்கள் இணைந்த மூலக்கூறாக அது வெளிர்மஞ்சள் நிற வாயு. 1886 இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி முவாசான் அதைப் பிரித்தெடுக்கும் வரை பலர் முயன்று தோற்றதற்குக் காரணம், தொட்ட பொருள்களையெல்லாம் தாக்கும் அதன் வினைத்திறன். நீருடனும் அது கடுமையாக வினைபுரிந்து ஆக்சிஜனை வெளியேற்றும். அத்தகைய தனிமம் எந்தக் கிணற்றிலும் தனித்துத் தங்கியிருக்க முடியாது. கிணற்றில் இருப்பது, ஓர் எலக்ட்ரானை ஏற்று 2, 8 என்ற அமைப்பையும் ஓர் எதிர்மின்சுமையையும் அடைந்துவிட்ட புளோரைடு அயனி. நீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து பற்றிக்கொண்டிருக்கின்றன. அது பறந்து போகாது. உப்பு நீரைக் காய்ச்சினால் உப்பு பாத்திரத்தில் மிஞ்சும் என்பதை அறியாத மாணவர் இல்லை. புளோரைடும் அவ்வாறே மிஞ்சுகிறது.

கணக்கும் எளிது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் புளோரைடு உள்ள 10 லிட்டர் நீரில் மொத்தம் 20 மில்லிகிராம் இருக்கும். காய்ச்சி 8 லிட்டராக வற்றினால் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் ஆகிவிடும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கும் உச்ச அளவே 1.5 மில்லிகிராம்தான். நாங்கள் விறகைச் செலவழித்துத் தீங்கைக் கூட்டிக்கொண்டிருந்தோம். அயனியைப் பிடித்து நிறுத்தும் முறைகளே இதற்கு உதவும்: படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் படிய வைக்கும் நல்கொண்டா முறை, எதிர்ச் சவ்வூடுபரவல் (RO) போன்றவை. 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியே காவிரி நீர் வருகிறது. குழாயில் நீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்றை நாடும் வீடுகளில் இந்தத் தவறான அறிவுரை இன்னும் சொல்லப்படுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே என் வகுப்பில் தனிமம், அணு, அயனி என்ற மூன்று சொற்களில் எதைக் குறிக்கிறார்கள் என்று சொல்லாமல் யாரும் புளோரினைப் பற்றி ஒரு வாக்கியம்கூட எழுதக் கூடாது. சோடியம், கால்சியம், இரும்பு ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

கொதிநீரின் குமிழிகள்

அவை நீராவி, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அல்ல.

அட்டவணையின் வரிசை

தனிம அட்டவணையில் தனிமங்களை வரிசைப்படுத்த மெண்டலீவ் 1869 இல் அணு நிறையை அடிப்படையாகக் கொண்டார். மோஸ்லியின் 1913 ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பின் அணு எண்ணே அடிப்படை. ஆர்கானின் அணு நிறை 39.95, பொட்டாசியத்தின் அணு நிறை 39.10. இருந்தும் 18 ஆம் இடத்தில் ஆர்கான் முன்னே நிற்கிறது.

பொட்டாசியத்தின் எலக்ட்ரான் அமைப்பு

2, 8, 8, 1. ஒருபோதும் 2, 8, 9 என்று எழுத வேண்டாம்.

எலக்ட்ரான் கூடினால் அணுவும் பெரிதாகும் என்பது

சோடியத்திலிருந்து குளோரின் வரை எலக்ட்ரான்கள் 11 இலிருந்து 17 ஆகக் கூடுகின்றன, அணுவின் ஆரமோ குறைகிறது. கூடுகள் மூன்றாகவே இருக்க, உட்கருவின் ஈர்ப்பு ஒவ்வொரு புரோட்டானுடனும் வலுப்பதே காரணம். புரோட்டான் கூடாமல் எலக்ட்ரான் மட்டும் கூடும்போது உருவளவு பெருகும்: ஒன்பது புரோட்டான்கள் பத்து எலக்ட்ரான்களை இழுக்க வேண்டியிருப்பதால், புளோரைடு அயனி புளோரின் அணுவைவிடப் பெரியது.