அந்தியில் வால்நட்சத்திரம் பார்க்க ஏரிக்கரைக்கு வாருங்கள்

வால்நட்சத்திரம் வரப்போகிறது என்று செய்தி வந்தாலே என்னிடம் வரும் முதல் கேள்வி, "எந்த டெலஸ்கோப் வாங்கலாம் சார்?" என்பதுதான். முதலில் இடத்தைப் பாருங்கள் என்பேன். சூரியன் மறைந்த பிறகு மேற்கில் தாழத் தெரியும் வால்நட்சத்திரத்துக்கு, அடிவானம் வரை மறைப்பில்லாத இடம் வேண்டும். எதிரே ஒரு வேப்பமரமோ மாடிவீடோ இருந்தால் எவ்வளவு நல்ல கருவியும் பயன்படாது.

விழுப்புரம் பக்கம் இருக்கிற எனக்கு அந்த இடம் ஏரிக்கரை. நிலம் கிழக்கே சரிந்துபோவதால் நம் ஏரிகள் பலவற்றுக்குக் கரை கிழக்கிலும் நீர்ப்பரப்பு மேற்கிலும் இருக்கும். கரைமேல் ஏறி நின்றால் எதிரே தண்ணீர், அதற்கு மேல் வானம். சென்னை நண்பர்கள் கடற்கரைக்குப் போகிறார்கள். அங்கே கடல் கிழக்கே. மேற்கே பார்த்தால் ஊர் வெளிச்சம். தென்காசி, பொள்ளாச்சிக்காரர்களுக்கு மேற்கே மலை நிற்கும், அவர்கள் கிழக்கே கொஞ்சம் தள்ளி வரவேண்டும். கன்னியாகுமரிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், பல மாதங்களில் சூரியன் மறைவதும் கடலில்தான். எங்கே போனாலும் முந்தின நாள் அதே நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். சூரியன் எந்தப் பனைமரத்துக்குப் பக்கத்தில் இறங்குகிறது என்று குறித்துக்கொண்டால் மறுநாள் பாதி வேலை மிச்சம். கரையில் பூச்சி பொட்டு இருக்கும். ஷூவும் டார்ச்சும் கட்டாயம். டார்ச் கண்ணாடிமேல் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள், இருட்டுக்குப் பழகிய கண் கெடாது.

அடுத்தது நேரம். நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய நேர்க்குத்தாக இறங்குகிறது, ஒரு பாகைக்கு (டிகிரிக்கு) சுமார் 4 நிமிடம். வால்நட்சத்திரமும் அதே வேகத்தில் இறங்கும். அஸ்தமனத்தின்போது அது 15 பாகை உயரத்தில் இருந்தால், 40 நிமிடம் கழித்து 5 பாகைதான் மிஞ்சும். அஸ்தமனத்துக்கு 30 நிமிடத்துக்குப் பிறகு 45 நிமிடத்துக்குள் இருக்கும் அந்தக் கால்மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைப்பது. அதற்கு முன் வானம் வெளுப்பாக இருக்கும். அதற்குப் பின் அடிவானத்துத் தூசியில் அது கரைந்துவிடும். பாகையை அளக்கக் கை போதும்: கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் 10 பாகை, நடு மூன்று விரல் சேர்த்தால் 5.

எந்த நாளில் போவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 2024 அக்டோபரில் வந்த சுசின்ஷான்-அட்லஸ் என்ற வால்நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 27 அன்று சூரியனை நெருங்கிச் சுற்றியது, அக்டோபர் 12 அன்று பூமிக்குச் சுமார் 7 கோடி கிலோமீட்டர் தூரத்தில் வந்தது. அதன்பின் ஒவ்வொரு மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக உயரே ஏறியது, கூடவே மங்கியும் வந்தது. 17ஆம் தேதி பௌர்ணமி. முதல் நாட்களில் பிரகாசம் அதிகம், உயரம் குறைவு. ஒரு வாரம் கழித்து உயரம் உண்டு, நிலவொளி தின்றுவிடும். எல்லாம் கூடிவரட்டும் என்று காத்திராமல், வானம் திறக்கிற முதல் மாலையே போய்விடுங்கள். 2024இல் அந்த வாரமே வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிட்டது. 2025இல் வந்த லெமன் வால்நட்சத்திரம் அக்டோபர் 21 அன்று நமக்கு மிக அருகில் இருந்தது. அமாவாசை, நிலா தொல்லை இல்லை. ஆனால் முந்தின நாள் தீபாவளி. பட்டாசுப் புகை அடிவானத்தில் தங்குகிற நாட்கள் அவை.

கருவி என்றால் 7x50 அல்லது 10x50 பைனாகுலர் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, 50 என்பது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில்). சூரியன் முழுதும் மறையும் வரை அதைக் கண்ணில் வைக்கவே வேண்டாம், பிள்ளைகளிடமும் கொடுக்காதீர்கள். ஒரு நொடி சூரியன் பட்டால் கண் போய்விடும். மறைந்தபின் வெள்ளியையோ ஒரு பிரகாசமான நட்சத்திரத்தையோ பார்த்து, அது ஊசிமுனைப் புள்ளியாகும்வரை ஃபோகஸைத் திருப்பி, சக்கரத்தின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஃபோகஸ் நகர்ந்த பைனாகுலரில் எல்லா நட்சத்திரமும் வால்நட்சத்திரம் மாதிரிதான் தெரியும். முழங்கையை பைக் சீட்டில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் நிற்கும்.

தேடுவதற்குத் தெரிந்த நட்சத்திரத்திலிருந்து நடங்கள். 2024இல் தென்மேற்கே வெள்ளி, வடமேற்கே சுவாதி. இரண்டுக்கும் நடுவில் வால்நட்சத்திரம். வான வரைபடம் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியில் அன்றைய இடத்தைப் பார்த்து, இந்த நட்சத்திரத்துக்கு இடப்பக்கம் ஒன்றரை முஷ்டி என்று தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே பைனாகுலரை இடவலமாக மெல்ல ஓட்டி, ஒவ்வொரு வரிசைக்கும் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். சந்தேகம் வந்தால் நேராக முறைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பாருங்கள், பைனாகுலரை லேசாகத் தட்டுங்கள். அசைகிற மங்கலைக் கண் சட்டென்று பிடிக்கும்.

கிடைத்தது அதுதானா? சுற்றியுள்ள நட்சத்திரம் புள்ளியாக இருக்க, இது மட்டும் பஞ்சுபோல் நிற்கும். வால் பெரும்பாலும் சூரியன் இறங்கிய இடத்துக்கு எதிர்ப்புறம், அதாவது மேல்நோக்கி நீளும். மாலை வெயில் பட்ட ஜெட் விமானப் புகைக்கோடும் அச்சு அசல் இப்படியே மின்னும். ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள்: புகைக்கோடு அகன்றோ நகர்ந்தோ போயிருக்கும், வால்நட்சத்திரம் பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்ந்து இறங்கியிருக்கும்.

கண்ணுக்குச் சிக்காவிட்டால் செல்போனை ஸ்டாண்டில் வைத்து நைட் மோடில் மூன்று நொடிப் படம் எடுங்கள். கேமரா முந்திக்கொள்ளும், படத்தில் இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பைனாகுலரை எடுங்கள்.

பார்த்ததை அங்கேயே எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், கருவி, வால் எத்தனை விரல் நீளம், பிரகாசம் எவ்வளவு. பிரகாசத்துக்கு ஒரு வழி உண்டு. ஃபோகஸில் வால்நட்சத்திரத் தலையின் அளவை மனதில் வாங்கிக்கொண்டு, ஃபோகஸைக் கலைத்து, ஒளியளவு தெரிந்த நட்சத்திரங்களை அதே அளவுக்குப் பரவவிட்டு ஒப்பிடுங்கள். இப்போது டேப்பைப் பிரிக்கலாம். இந்தக் குறிப்பை ஸ்லோவேனியாவிலிருந்து நடக்கும் கோப்ஸ் என்ற வால்நட்சத்திரத் தரவுத்தளத்துக்கு யாரும் அனுப்பலாம். பெயர் பதிவு செய்தால் போதும்.