ஒரு சொல்லின் பிறப்பைச் சோதித்து அறியும் முறை: ‘பங்க்கம்’ என்னும் ஆங்கிலச் சொல்

பொருளற்ற வெற்றுப் பேச்சை, அதிலும் கேட்போரை மயக்குவதற்காகப் பேசப்படும் பேச்சை, ஆங்கிலத்தில் ‘பங்க்கம்’ என்பார்கள். சொற்பிறப்பு பற்றி உலவும் சுவையான கதைகளில் பல பிற்காலப் புனைவுகள் என்பதால், எந்தக் கதையையும் ஏற்பதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும். இச்சொல்லை வைத்தே அதைச் செய்யலாம்.

முதலில் பழைய எழுத்துக்கூட்டைப் பாருங்கள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஆஷ்வில் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பங்க்கம் (Buncombe) என்னும் கவுண்டி, அதாவது மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி, இருக்கிறது. அப்பெயரின் இறுதியில் எழுதப்படும் ‘பி’, ‘இ’ என்னும் எழுத்துகள் ஒலிப்பதில்லை. வெற்றுப் பேச்சைக் குறிக்கும் சொல்லும் அந்த ஊர்ப்பெயரின் எழுத்துகளிலேயே எழுதப்பட்டு வந்தது என்பது முதல் தடயம்.

அடுத்து, கதையில் வரும் ஆளையும் ஆண்டையும் உறுதி செய்யுங்கள். 1820இல், மிசௌரியை மாநிலமாகச் சேர்ப்பதா, அங்கே அடிமை முறையை அனுமதிப்பதா என்ற கடும் விவாதம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் முடிவை நெருங்கியபோது, பங்க்கம் பகுதியின் உறுப்பினரான ஃபீலிக்ஸ் வாக்கர் பேச எழுந்தார் என்றும், வாக்கெடுப்பை விரும்பிய மற்றவர்கள் தடுத்தபோது, தாம் பங்க்கத்துக்காகப் பேசியே ஆக வேண்டும் என்றார் என்றும் கதை சொல்கிறது. வாக்கர் 1817 முதல் 1823 வரை அச்சபையில் இருந்தவர். ஆகவே ஆளும் காலமும் பொருந்துகின்றன.

மூன்றாவது சோதனையே மிக முக்கியமானது: அச்சில் கிடைக்கும் மிகப் பழைய சான்று கதைக்கு முந்தியதா, பிந்தியதா? 1828இல் நைல்ஸ் ரெஜிஸ்டர் என்னும் வார இதழ், யாரும் காதுகொடுக்காத நீண்ட உரைகளை வாஷிங்டனில் ‘பங்க்கத்துக்குப் பேசுதல்’ என்று சொல்வது பழைய வழக்கம் என எழுதியது. எட்டே ஆண்டுகளில் அது பழைய வழக்காகிவிட்டதா என்று கேட்பது நியாயமே. ஆனால் நாடாளுமன்ற வட்டாரத்தில் ஒரு தொடர் விரைவில் பழகிப்போவது இயல்பு என்பதால், இச்சான்று கதைக்கு வலுச் சேர்க்கிறது என்றே நான் கருதுகிறேன். அச்சுச் சான்று 1820க்கு முந்தியதாக இருந்திருந்தால் கதையைத் தயங்காமல் ஒதுக்கியிருக்க வேண்டும்.

ஒரே ஒலியுள்ள வேறு சொற்களைக் கலந்துவிடாதீர்கள். ரயிலில் அடுக்குப் படுக்கையைக் குறிக்கும் ‘பங்க்’ வேறு. பங்க்கத்தின் குறுக்கமான ‘பங்க்’ வேறு. வரலாறு ஏறக்குறைய வெறும் ‘பங்க்’ என்று 1916இல் கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு சொன்னது இந்தக் குறுக்கத்தைத்தான்.

இறுதியாக, சொல்லின் கிளைகளையும் தொடர்ந்து செல்லுங்கள். பொய்யை உடைத்துக் காட்டுவதைக் குறிக்கும் ‘டிபங்க்’ என்னும் வினை, வில்லியம் வுட்வர்ட் 1923இல் வெளியிட்ட ‘பங்க்’ என்னும் நாவலின் வழியே பரவியது.